அந்த இருட்டு ராக்கெட் எந்த வருடம்?

சின்ன வயதில் ஃபுளோரிடா டிஸ்னியில் அப்பாவின் மடியோடு ஒட்டி உட்கார்ந்து இருட்டில் ராக்கெட்டில் போனதாகவும், இறங்கியதும் நகரும் நடைபாதையில் பொம்மைக் குடும்பம் டிவி பார்த்ததாகவும் எழுதியிருக்கிறீர்கள். அண்ணனோ, அங்கே "ஃபெடெக்ஸ் பெயர்தான் இருந்தது" என்கிறாராம், அதாவது அந்த கூரியர் கம்பெனியின் பெயர். அது எந்த வருடம் என்று கேட்டிருந்தீர்கள்.

அது ஸ்பேஸ் மவுண்டன், இருட்டுக்குள் ஓடும் ரோலர் கோஸ்டர். ஞாபகம் உங்களுடையதுதான் சரி. 1975-இல் திறந்தபோது செலவுக்குக் கை கொடுத்தது ஆர்சிஏ. டிவி விற்கிற கம்பெனி. அதனால்தான் வெளியேறும் வழியில் 'எதிர்கால வீடு' என்று அறைக்கு அறை திரையாக வைத்திருந்தார்கள். விளம்பரம்தான், ஆனால் குழந்தைக்கு அது விண்வெளியின் மிச்சம்! அந்தக் காட்சி 1985-இல் மாறிவிட்டது. ஆர்சிஏ இடத்துக்கு ஃபெடெக்ஸ் வந்ததோ 1990-களில்தான்.

மடியும் ஒரு தடயம். ஒருவர் முன் ஒருவர் ஒட்டி உட்காரும் பழைய பெட்டிகளை 1989-இல் எடுத்துவிட்டு, ஆளுக்கொரு தனி இருக்கை போட்டார்கள். ஆக, டிவி பொம்மைகளையும் சேர்த்துப் பார்த்தால், நீங்கள் போனது 1985-க்கு முன்பாக இருக்க வேண்டும். அண்ணன் அப்புறம் இன்னொரு தடவை போனாரா, கேட்டுப் பாருங்கள்.

அப்புறம், "பயங்கர வேகம்" என்றீர்களே, மணிக்கு 45 கிலோமீட்டர் சொச்சம்தான். மீதி இருட்டின் வேலை.