பதிவேடும் அவர் பார்த்த வேலையும்

கேள்வி: சென்ற இதழில் சூசி கிங் டெய்லரை அமெரிக்க உள்நாட்டுப் போர்க்கால நர்ஸ், ஆசிரியை என்று எழுதியிருந்தீர்கள். அமெரிக்க ராணுவப் பதிவேட்டில் அவர் வெறும் சலவைக்காரிதான். இப்படித் தூக்கிப் பிடிப்பது மிகை இல்லையா?
– ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: பதிவேட்டில் இருப்பதைச் சரியாகத்தான் சொல்கிறீர்கள். ஆனால் அதை எழுதியது ராணுவம். கறுப்பினப் பெண்ணைப் படையோடு வைத்துக்கொள்ள அன்றைக்கு அது பெரும்பாலும் கொடுத்த இடம் சலவையும் சமையலும்தான். துணி துவைத்தது கொஞ்சம், முகாமில் மற்ற வேலைகளே எப்போதும் கையில் இருந்தன என்று சூசியே எழுதியிருக்கிறார்.

அந்த மற்ற வேலைகள் என்ன? 33-ஆவது கறுப்பினப் படைப்பிரிவின் சிப்பாய்களுக்கு எழுத்து சொல்லிக்கொடுத்தார். தோட்டா ஈரமாகாமல் இருக்கிறதா என்று துப்பாக்கிகளைச் சுட்டுப் பார்த்து, பிறகு துடைத்தும் வைத்தார். அம்மை கண்டு தனிக் கூடாரத்தில் கிடந்த சிப்பாயைத் தினமும் போய்ப் பார்த்துக்கொண்டார். தென் கரோலினாவின் மோரிஸ் தீவில் காயம்பட்டுக் கிடந்தவர்களுக்கு வாய்க்கு ருசியாக எதுவும் இல்லை. அவர் கையில் இருந்தது சில டின் பாலும் ஆமை முட்டைகளும். அதை வைத்துக் கஸ்டர்டு கிண்டிக் கொடுத்தார். இதற்கு நர்ஸ் என்பதைத் தவிர வேறு என்ன பெயர் வைப்பீர்கள்? நாலு வருஷத்துக்கு மேல் இப்படி உழைத்ததற்கு ஒரு டாலர்கூடச் சம்பளம் வரவில்லை.

ஆசிரியை என்பதற்கு வருகிறேன். சூசி 1848-ல் ஜார்ஜியாவில் அடிமையாகப் பிறந்தவர். அடிமைகளுக்கு எழுத்தறிவு கொடுப்பதை அந்த மாநிலச் சட்டம் தடுத்திருந்தது. சவானா நகரில் விதவையான ஒரு சுதந்திரக் கறுப்பினப் பெண்மணியின் வீட்டுச் சமையலறையில் திருட்டுத்தனமாகப் பள்ளிக்கூடம் நடந்தது. போலீஸ் கண்ணில் படாமல் இருக்கப் புத்தகங்களைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு, பிள்ளைகள் ஒவ்வொருவராக உள்ளே நுழைவார்கள். ஏதோ கைத்தொழில் பழகப் போகிறார்கள் என்று அக்கம்பக்கத்தார் நினைத்தார்கள். சூசி முதலில் படித்தது அங்கேதான்.

1862-ல் உறவினர்களோடு தப்பி, தென் மாநிலங்களை எதிர்த்துப் போரிட்ட வடக்குப் படையின் கப்பலில் ஏறியபோது வயது 13. எழுதப் படிக்கத் தெரியும் என்று அதிகாரிகளுக்குத் தெரிந்ததும், செயின்ட் சைமன்ஸ் தீவில் ஒரு பள்ளியையே அவரிடம் ஒப்படைத்தார்கள். பகலில் சுமார் 40 பிள்ளைகள், இரவில் பெரியவர்கள். நம் வீட்டில் எட்டாம் வகுப்புப் படிக்கிற பெண்ணை நினைத்துக்கொண்டு இந்த வரியைப் படித்துப் பாருங்கள்.

போர் முடிந்து சவானாவில் மாதம் ஒரு டாலர் கட்டணத்தில் வீட்டிலேயே பள்ளி நடத்தினார். 1866-ல் கணவர் எட்வர்ட் கிங் இறந்துபோனார். அப்போது அவர் கர்ப்பிணி. ஊரில் இலவசப் பள்ளி திறந்ததும் பிள்ளைகள் அங்கே போய்விட்டார்கள். அப்புறம் வீட்டு வேலைக்குப் போக வேண்டியதாயிற்று.

நீங்கள் சொல்லும் பதிவேடு கடைசியில் வேலை செய்தது எங்கே தெரியுமா? 1892-ல் போர்க்கால நர்ஸ்களுக்கு மாதம் 12 டாலர் பென்ஷன் தரச் சட்டம் வந்தது. நர்ஸாக நியமிக்கப்பட்டதற்கு ஆதாரம் வேண்டும் என்றது அந்தச் சட்டம். சூசியின் பெயருக்கு நேரே இருந்ததோ சலவைக்காரி. பென்ஷன் கிடைக்கவில்லை. இது எனக்கு ஆறவே இல்லை. அன்றைக்கு அவர் வயிற்றில் அடித்த அதே வரியை இன்றைக்கு அவருக்கு எதிரான சாட்சியாக நீங்கள் கொண்டுவரலாமா?

அவரோ சும்மா இருக்கவில்லை. பாஸ்டனில் 1886-ல் பழைய சிப்பாய்களுக்கு உதவும் பெண்கள் அமைப்பின் கிளையைத் தொடங்கத் துணைநின்றார். 1902-ல் தன் முகாம் வாழ்க்கையைத் தானே புத்தகமாக வெளியிட்டார். இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. அதைப் படித்துவிட்டு, மிகை எங்கே இருக்கிறது என்று எழுதுங்கள், பிரசுரிக்கிறேன்.