60 + 35: வழுதூரில் ஓடுவது ஒரு யூனிட்டா, இரண்டா?

கேள்வி: டிப்ளமோ மெக்கானிக்கல் முடித்துவிட்டு, ராமநாதபுரம் பக்கம் வழுதூர் எரிவாயு மின் நிலையத்தில் அப்ரண்டிஸாகச் சேர முயற்சி செய்கிறேன். முதல் கட்டம் 95 மெகாவாட், அதாவது 60 + 35 என்று படித்தேன். அப்படியென்றால் இரண்டு தனித்தனி யூனிட்டா? ஒன்று நின்றால் மற்றது ஓடுமா?

தம்பி, நேர்முகத்தில் இதையே கேட்டாலும் கேட்பார்கள், அதனால் நன்றாகவே புரிந்துகொள்ளுங்கள். மெஷின் இரண்டுதான், ஆனால் எரிவாயு போவது ஒன்றுக்கு மட்டும். 60 மெகாவாட் தருவது கேஸ் டர்பைன். அதிலிருந்து வெளியே வரும் புகைக்காற்று 500 டிகிரிக்கு மேல் கொதித்துக்கொண்டிருக்கும், அதை அப்படியே வானத்தில் விட்டால் எவ்வளவு நஷ்டம் என்று யோசித்துப் பாருங்கள். அந்தச் சூட்டை ஒரு பாய்லருக்குள் விட்டு, நீராவி எடுத்து, ஸ்டீம் டர்பைனைச் சுற்ற வைக்கிறார்கள். அந்த 35 மெகாவாட்டுக்குத் தனியாக எரிவாயு எரிப்பதில்லை. கம்பைண்டு சைக்கிள் என்பது இதுதான். இரண்டாம் கட்டத்தின் 92.2 மெகாவாட்டும் இதே கணக்குதான், 59.8 + 32.4.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி. கேஸ் டர்பைன் டிரிப் ஆனால், அதாவது கோளாறு கண்டு தானாக நின்றுவிட்டால், சூடு வருவது நின்றுவிடும், ஸ்டீம் டர்பைனும் பின்னாலேயே நின்றுவிடும். ஸ்டீம் டர்பைன் மட்டும் டிரிப் ஆனால் கதை வேறு, நீராவியை டர்பைனுக்குள் விடாமல் பைபாஸ் வால்வு வழியாக, நீராவியைக் குளிர்வித்துத் தண்ணீராக்கும் கண்டென்சருக்குத் திருப்பிவிட்டு கேஸ் டர்பைனைத் தொடர்ந்து ஓட்டலாம், ஆனால் அதே எரிவாயுவுக்கு 95 கிடைத்த இடத்தில் 60தான் கிடைக்கும், அதை ஆற அமரப் பார்த்துக்கொண்டிருக்க எந்த ஷிப்ட் இன்ஜினியருக்கும் மனசு வராது.

ஸ்டார்ட் செய்யும்போது பக்கத்தில் இருக்க வாய்ப்பு கிடைத்தால் விடாதீர்கள். கேஸ் டர்பைன் தானாகக் கிளம்பாது. முதலில் வேறொரு மோட்டார் அதைச் சுற்றிவிட வேண்டும், உள்ளே தங்கிய வாயுவைக் காற்றால் வெளியே தள்ளிவிட்டுத்தான் பற்றவைப்பார்கள், இந்தப் படியை ஒருபோதும் தாண்டக்கூடாது. வேகம் ஏறியதும் 50 ஹெர்ட்ஸில் கிரிடோடு, அதாவது பொது மின்கட்டமைப்போடு சேர்ப்பார்கள். கேஸ் டர்பைன் சீக்கிரம் லோடு எடுத்துவிடும், அதாவது மின்சாரம் கொடுக்கத் தொடங்கிவிடும். பாய்லர் ஆறிக் கிடந்தால் ஸ்டீம் பக்கம் சில மணி நேரம்கூட ஆகும், அவசரமாகச் சூடேற்றினால் பாய்லரின் தண்ணீரும் நீராவியும் பிரியும் டிரம்மின் கனமான உலோகம் தாங்காது.

இன்னொன்று, டர்பைன் எடுக்கும் சக்தியில் பாதிக்கு மேல், காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் அதன் கம்ப்ரசரே வாங்கிக்கொள்ளும். வெயில் ஏறினால் காற்றின் அடர்த்தி குறையும், உள்ளே போகும் காற்றின் எடையும் குறையும். மார்கழி விடியலில் வந்த மெகாவாட் சித்திரை மதியத்தில் வராது. லாக் ஷீட்டில் லோடு குறைந்திருந்தால் மெஷினைச் சந்தேகிக்கும் முன் காற்றின் வெப்பநிலையைப் பாருங்கள், அப்புறம் ஃபில்டரில் தூசி அடைத்திருக்கிறதா என்று பாருங்கள்.

நிறுத்திய பிறகும் ரோட்டார், அதாவது டர்பைனின் சுழலும் தண்டு, மெதுவாகச் சுற்றிக்கொண்டே இருக்கும், அது கோளாறு இல்லை. சூடாக இருக்கும்போது ஒரே நிலையில் விட்டால் ரோட்டார் வளைந்துவிடும், அதனால் ஆறும் வரை பாரிங் கியர் என்ற மெதுவாகச் சுற்றிவிடும் அமைப்பைப் போட்டு உருட்டிக்கொண்டே இருப்பார்கள்.