பாலைவனத்தில் பாறையைக் குடைவது யார்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் உள்ள ஆர்ச்சஸ் தேசியப் பூங்காவின் படங்களைப் பார்த்தேன். வெறும் காற்று இவ்வளவு பெரிய பாறையை எப்படிக் குடைந்தது? 2008ல் அங்கே வால் ஆர்ச் என்ற வளைவு ஒரே இரவில் இடிந்துவிட்டதாம். மிச்சமிருப்பதையாவது சிமெண்ட் பூசிக் காப்பாற்றக் கூடாதா?

க.

அன்புள்ள க.,

காற்று இல்லை, தண்ணீர். வருடத்துக்கு 250 மில்லிமீட்டர் மழை பெய்தாலே அதிகம் என்கிற ஊரில் தண்ணீரா என்று தோன்றும். அந்தக் கொஞ்சமே போதும். மணற்பாறையில் மணல்மணிகளைப் பிடித்து வைத்திருப்பது சுண்ணாம்புப் பசை, கரியமில வாயு கலந்து லேசாகப் புளித்த மழைநீர் அதைக் கரைத்துவிடும். அப்புறம் குளிர்காலத்தில் வெடிப்புக்குள் நிற்கும் நீர் உறைந்து, ஏறக்குறைய 9 சதவீதம் பருத்து, பாறையை நெம்பும். உதிர்ந்த மணலை அள்ளிப்போவதுதான் காற்றின் வேலை.

ஆனால் இதற்கெல்லாம் அடியில் இருப்பது உப்பு. சுமார் 30 கோடி வருடங்களுக்கு முன் ஒரு கடல் திரும்பத் திரும்ப வற்றி விட்டுப்போன உப்புப் படுகை, மேலே சேர்ந்த பாறைகளின் கனம் தாங்காமல் பிசைந்த மாவுபோல நகர்ந்து புடைக்க, மேலே இருந்த பாறை வரிசை வரிசையாகப் பிளந்தது. பிளவுகள் அகன்று, நடுவில் மதில்போல மெல்லிய பாறைகள் நின்றன. அந்த மதிலில் ஈரம் தங்கும் இடம் உதிர்ந்து உதிர்ந்து ஓட்டை விழுந்தால் வளைவு.

எனக்கு மிகவும் பிடித்தது 2014ல் செக் ஆய்வாளர்கள் காட்டிய விஷயம். மேலிருந்து கனம் அழுத்தும் இடத்தில் மணல்மணிகள் ஒன்றையொன்று இறுக்கிக்கொண்டு அரிப்பைத் தாங்குகின்றன, கனம் விழாத இடம்தான் கழன்று போகிறது. அதாவது வளைவைத் தாங்கி நிறுத்துவது அதன் பாரமேதான்!

சரி, சிமெண்ட். 1950களில் டெலிகேட் ஆர்ச் மேல் பிளாஸ்டிக் பூசலாமா என்றுகூட யோசித்து, வேண்டாமென்று விட்டுவிட்டார்கள். சரியான முடிவு என்பேன். அதை உண்டாக்கிய அரிப்பேதான் அதை விழவும் வைக்கிறது, அதைத் தடுத்தால் அங்கே நிற்பது நாம் செய்த பொம்மை.

93 மீட்டர் அகலத்துக்கு நீண்டு, ஓரிடத்தில் 2 மீட்டர்கூடத் தடிமன் இல்லாமல் நிற்கும் லேண்ட்ஸ்கேப் ஆர்ச்சிலிருந்து 1991 செப்டம்பரில் 18 மீட்டர் நீளப் பாளம் ஒன்று பெயர்ந்து விழுந்தது. கீழே இருந்தவர்கள் பாறை விரியும் சத்தம் கேட்டு ஓடித் தப்பினார்கள். அடியில் போகும் பாதையை அப்புறம் மூடிவிட்டார்கள். எட்ட நின்றுதான் பார்க்க முடியும், ஆனாலும் வாய்ப்பு வந்தால் போய்ப் பாருங்கள்.