உள்பக்கத்தைத் திறந்து பாருங்கள்: சிறுவர் புத்தகக் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதியில் பிள்ளையின் வயதே இல்லை. "நல்ல புத்தகம் சொல்லுங்க சார்" என்று மட்டும் எழுதுவது, மருந்துக்கடையில் போய் "நல்ல மாத்திரை கொடுங்க" என்று கேட்பது மாதிரி. என்ன வயது, எந்த மொழியில் தடங்கல் இல்லாமல் படிக்கும், கடைசியாக எதை விரும்பிப் படித்தது என்று எழுதுங்கள். அப்படி எழுதியவர்களுக்கு முதலில் பதில்.

எட்டு மாதக் குழந்தைக்குப் புத்தகம் வாங்கலாமா? எதைக் கொடுத்தாலும் கடிக்கிறான். (நாமக்கல்)

வாங்கலாம். கடிக்கத்தான் செய்வான், கெட்டி அட்டைப் புத்தகம் அதற்காகத்தான் இருக்கிறது. முனை மழுங்கியிருக்க வேண்டும், பக்கத்துக்கு ஒரு படம், மொத்தம் பத்துப் பக்கம் போதும்.

மகள் மூன்றாம் வகுப்பு. "8-10 வயது" என்று பின்அட்டையில் போட்டிருந்ததை நம்பி வாங்கினேன். இரண்டு வரி படித்துவிட்டு மூடிவிட்டாள். (தென்காசி)

பின்அட்டையில் இருக்கும் வயது விற்பவருடைய கணக்கு, உங்கள் மகளுடையது அல்ல. கடையிலேயே நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து அவளை வாசிக்கச் சொல்லுங்கள். தடுக்கும் சொல்லுக்கு ஒரு விரல் மடக்குங்கள். ஐந்து விரலும் மடங்கினால் அந்தப் புத்தகம் இன்னும் ஒரு வருடம் அலமாரியில் இருக்கட்டும். நம் பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கப் புத்தகங்கள் நுழை, நட, ஓடு, பற என்று பிரித்திருப்பதும் இதற்காகத்தான்: பிள்ளை எவ்வளவு சரளமாகப் படிக்கிறது என்பதுதான் அங்கே அளவு. பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்திலும் தமிழ்க் கதைகள் நிலைவாரியாக இருக்கின்றன, காசும் கிடையாது. கீழ்நிலையில் தொடங்கினால் கௌரவம் குறைந்துவிடாது.

ஒழுக்கம் வளரட்டும் என்று நீதிக்கதைப் புத்தகங்கள் பத்து வாங்கினேன். ஏழு வயது மகன் தொடுவதே இல்லை. எப்படிப் படிக்க வைப்பது? (சேலம்)

படிக்க வைக்காதீர்கள். மகனுக்கு ரசனை இருக்கிறது.

அந்தப் பத்தையும் எடுத்து உள்பக்கத்தைத் திறந்து பாருங்கள். எழுதியவர் பெயர் இருக்கிறதா? படம் வரைந்தவர் பெயர்? பெரும்பாலும் இரண்டுமே இருக்காது. நான் வேலை பார்த்த கிளை நூலகத்துக்கு ஒருமுறை இப்படி ஒரு கட்டு வந்து இறங்கியது. நரியும் திராட்சையும் கதை மட்டும் நாலு புத்தகத்தில் இருந்தது. ஒன்றில் நரி திராட்சையைத் தின்றே விட்டது. ஆனாலும் கீழே கட்டம் போட்டு "நீதி: சீச்சீ, இந்தப் பழம் புளிக்கும்" என்று அச்சடித்திருந்தார்கள். அடித்தவர்களே படிக்கவில்லை, பிள்ளை ஏன் படிக்க வேண்டும்?

அடுத்து எழுத்து. இப்போதுதான் எழுத்துக் கூட்டும் பிள்ளைக்கு "அப்பெருங்காட்டினுள்ளே" என்று ஒரே மூச்சில் ஒட்டி அச்சடித்தால் எங்கே பிரிப்பது என்று தெரியாமல் முழிக்கும். "அந்தப் பெரிய காட்டுக்குள்ளே" என்றால் ஓடிவிடும். அது எழுதுபவரின் சோம்பல், பழி பிள்ளை மேல். எழுத்து பெரிதாக, வரிக்கு வரி இடைவெளி விட்டு, பக்கத்துக்கு நாலைந்து வரி. ஏழு வயதுக்கு அவ்வளவுதான் வேண்டும்.

அப்புறம் அந்த நீதிக் கட்டம். பாட்டி சொன்ன கதையில் கட்டம் இருந்ததா? அழ. வள்ளியப்பா வங்கியில் வேலை பார்த்துக்கொண்டே பிள்ளைகளுக்குப் பாட்டு எழுதினார். தாத்தாவும் பேரனும் சேர்ந்து பாடுகிறார்கள். யாரும் "இதனால் அறிவது யாதெனில்" என்று முடிப்பதில்லை. கதை முடிந்த கையோடு பரீட்சை வைத்தால் அடுத்த கதைக்குப் பிள்ளை வராது. சிரிக்க வைக்கும் புத்தகம் ஒன்று வாங்கிக் கொடுங்கள். அந்தப் பத்தையும் எடைக்குப் போடலாம், எனக்கு வருத்தம் இல்லை.

பத்து வயது மகன் பொன்னியின் செல்வன் படிக்கலாமா? (தஞ்சாவூர்)

தனியாக என்றால் இரண்டாம் பாகத்தில் நின்றுவிடுவான். நீங்கள் வாசித்துக் காட்டுங்கள். காதால் கேட்டுப் புரிந்துகொள்வது, கண்ணால் படித்துப் புரிந்துகொள்வதைவிட இரண்டு மூன்று வருடம் முன்னே ஓடும். 1950 முதல் 54 வரை வாரப் பத்திரிகையில் தொடராக வந்த கதை, ஒவ்வொரு அத்தியாயமும் நம்மைத் தொங்கவிட்டுத்தான் முடியும். கிட்டத்தட்ட 300 அத்தியாயம். இரவுக்கு ஒன்று என்றால் பத்து மாதம்.

சிறந்த 100 சிறுவர் நூல்களின் பட்டியலை உடனே அனுப்பவும். (பெயர், ஊர் இல்லை)

அனுப்ப மாட்டேன்.

ஒன்பது வயதாகிறது, காமிக்ஸ் தவிர எதுவும் படிப்பதில்லை. (விருதுநகர்)

உங்கள் மாவட்டத்துச் சிவகாசியிலிருந்து 1972-லேயே முத்து காமிக்ஸ் வந்தது. அதை ஒளித்துவைத்துப் படித்தவர்கள் இன்று தாத்தாக்கள், நன்றாகத்தான் இருக்கிறார்கள். படிக்கட்டும். பக்கத்தில் ஒரு கதைப் புத்தகத்தைச் சும்மா போட்டு வையுங்கள், எடு என்று சொல்லாதீர்கள்.

சிங்கப்பூரில் இருக்கிறோம். ஆறு வயதுப் பேத்திக்குத் தமிழ் பேசினால் புரியும், படிப்பது ஆங்கிலம் மட்டுமே.

தூலிகா போன்ற பதிப்பகங்கள் தமிழும் ஆங்கிலமும் ஒரே பக்கத்தில் வருகிற படப் புத்தகங்கள் போடுகின்றன. உங்கள் ஊர் நூலகங்களிலும் தமிழ்ப் பகுதி உண்டு. தமிழை நீங்கள் வாசியுங்கள், ஆங்கிலத்தை அவள் வாசிக்கட்டும். ஒன்று மட்டும் கவனம்: சில இருமொழிப் புத்தகங்களில் தமிழ், யாரும் பேசாத தமிழாக இருக்கும். உள்பக்கத்தைத் திறந்து ஒரு வரியை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். நாக்கு ஒத்துழைக்காவிட்டால் திருப்பி வைத்துவிடுங்கள்.

மகளுக்கு 14. சிறுவர் கதை சலித்துவிட்டது, பெரியவர்கள் நாவலுக்கு வயது போதாது என்கிறாள் என் மனைவி. (மதுரை)

தமிழில் இந்த வயதுக்கான அலமாரி காலியாகத்தான் கிடக்கிறது. சிறுகதையில் தொடங்குங்கள், பயணக் கட்டுரையும் கொடுக்கலாம். கி.ரா. (கி. ராஜநாராயணன்) கதைகள் கொடுக்கலாம், ஆனால் "வயது வந்தவர்களுக்கு மட்டும்" என்றே அவருக்கு ஒரு தொகுப்பு உண்டு. எழுதியவர் பெயரை மட்டும் பார்த்து வாங்கிவிட்டு அப்புறம் எனக்குக் கடிதம் எழுதாதீர்கள்.

கிழிந்த பக்கத்தைச் செலோடேப் போட்டு ஒட்டலாமா? (காரைக்குடி)

வேண்டாம். நாலைந்து வருடத்தில் மஞ்சளாகி எழுத்தையும் சேர்த்துத் தின்றுவிடும். மெல்லிய தாளைக் கீற்றாகக் கிழித்து மைதாப் பசையால் ஒட்டி, மேலே கனமாக எதையாவது வைத்து ஒரு ராத்திரி விடுங்கள். பைண்டர்கள் பூச்சி வராமல் இருக்கப் பசையில் மயில்துத்தம் கலப்பார்கள். அது விஷம். பிள்ளை வாயில் வைக்கிற புத்தகத்துக்கு வெறும் மைதாவே போதும்.