லாலிஷ் மயிலும் நம்ம மயிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஈராக்கில் லாலிஷ் என்ற இடத்தில் யசீதிகள் என்ற சிறுபான்மை மதத்தினர் மயிலைக் கும்பிடுகிறார்கள், செருப்பைக் கழற்றிவிட்டுக் கோயிலுக்குப் போகிறார்கள், எண்ணெய் விளக்கு ஏற்றுகிறார்கள், ஆகவே அவர்கள் முருகனை வணங்கிய பழந்தமிழர்கள் என்று எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவில் ஒரு வீடியோ சுற்றுகிறது. அவர்களுடைய பித்தளை மயில் அப்படியே நம் குத்துவிளக்கு போல இருக்கிறது. 'தாவூஸ்' என்பதே 'தோகை'தான் என்கிறார் என் மாமா. உண்மையா?

எஸ்.கே., கோவில்பட்டி

அன்புள்ள எஸ்.கே.,

எனக்கும் வந்தது, மூன்று பேரிடமிருந்து.

மாமா சொன்னதில் கொஞ்சம் தேறும். கிரேக்கத்தில் மயிலுக்கு 'தாவோஸ்', அரபியில் 'தாவூஸ்'. மூலம் தோகை என்பது பழைய ஊகம். மயில் நம் பக்கத்துப் பறவை. கப்பலேறும்போது பெயரையும் கொண்டு போயிருக்கலாம். அதற்காகச் சாமியும் கூடவே போயிற்று என்றால் எப்படி? முருகனுக்கு மயில் வாகனம். யசீதிகளுக்கு மயிலேதான் ஆள்: தாவூசி மெலெக், ஏழு தேவதூதர்களின் தலைவர்.

லாலிஷ் வட ஈராக்கின் குர்துப் பகுதியில், ஷேகான் என்ற சிற்றூருக்குப் பக்கத்தில், மலைகளுக்கு நடுவே ஒரு சிறு பள்ளத்தாக்கு. மடிப்பு மடிப்பாகச் செதுக்கிய கூம்புக் கோபுரங்கள். உள்ளே அடங்கியிருப்பவர் ஷேக் அதி. லெபனானில் பிறந்து பாக்தாதில் படித்து வந்த சூஃபி, 12-ஆம் நூற்றாண்டுக்காரர். வாசலுக்கு வலப்புறம் சுவரில் ஒரு கரும்பாம்பு செங்குத்தாக ஏறுகிறது. நோவாவின் கப்பலில் ஓட்டை விழுந்தபோது தன் உடம்பால் அடைத்துக் காப்பாற்றிய பாம்பு என்பது அவர்கள் கதை. வாசற்படியை மிதிக்கக் கூடாது, தாண்டித்தான் போக வேண்டும். (என் ஆச்சியும் இதையேதான் சொல்வாள். அவள் யசீதி இல்லை.) துதிப்பாடல்கள் பெரும்பாலும் குர்மாஞ்சி என்ற குர்து மொழியில்.

எனக்கு உறுத்துவது வேறு. சதாமின் பாத் கட்சி ஆட்சியில் 1977 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இவர்களை அரபிகள் என்று பதிந்தார்கள். குர்துக் கட்சிகள் 'அசல் குர்துகள்' என்று கொண்டாடுகின்றன; வடமேற்கு ஈராக்கின் சிஞ்சார்ப் பக்கத்து யசீதிகள் பலர் 'நாங்கள் குர்துகளே இல்லை, யசீதிகள்' என்கிறார்கள். ஐஎஸ் ஆட்கள் வைத்த பெயர் 'சாத்தானைக் கும்பிடுகிறவர்கள்'. 2014 ஆகஸ்ட் 3 அன்று சிஞ்சாரில் புகுந்து ஆண்களைக் கொன்றதும் பெண்களை அடிமைகளாக விற்றதும் அந்தப் பெயரைச் சொல்லித்தான். இப்போது நம் பங்குக்குத் தமிழர்கள் என்கிறோம். கெட்ட எண்ணத்தில் இல்லைதான். ஆனால் அவர்களை ஒரு வார்த்தை கேட்டோமா?

வெளியாரோடு உறவு கொண்டவர்களைச் சேர்த்துக்கொள்ளாத சமூகம் அது. அப்படியிருந்தும் தப்பி வந்த பெண்களை மறுபடி ஏற்க வேண்டும் என்று அவர்களுடைய மதத்தலைவர் பாபா ஷேக் அறிவித்தார். பெண்கள் லாலிஷுக்கு வந்து, காணியா ஸ்பி என்ற வெள்ளைச் சுனையின் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டார்கள். வீடியோக்காரர் இதைப் பற்றி மூச்சு விடவில்லை. மயில் போதும் அவருக்கு.

தூண்களில் முடிச்சு முடிச்சாகத் தொங்கும் பட்டுத்துணிகளைப் பார்த்திருப்பீர்கள். 'நம்ம ஊர் வேண்டுதல் மாதிரியே' என்று மாமா சொல்லக்கூடும். அங்கே ஒரு முறை உண்டு: முதலில் முன்னால் வந்தவர் போட்ட முடிச்சு ஒன்றை அவிழ்க்க வேண்டும், அப்போதுதான் அவர் நினைத்தது பலிக்கும். அதற்கப்புறம் நம்முடையதைப் போட்டுக்கொள்ளலாம்.