சொந்தமா பாட்டு வெளியிடுறவங்களுக்கு: கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன்

வணக்கம் எல்லாருக்கும். தலவாக்கலை பக்கம் ஒரு தேயிலத் தோட்டத்து லயத்துல (வரிசையா ஒட்டிக் கட்டுன லைன் வீட்டுல) பொறந்து வளந்தவ நான். இப்ப டவுன்ல ஒரு சின்ன ரூம்ல ரெக்கார்டிங்கும் மிக்ஸிங்கும் செஞ்சுகிட்டு இருக்கேன், முக்காவாசி நம்ம பக்கத்து புள்ளைங்க பாட்டுதான். சொந்தமா பாட்டு செஞ்சு வெளியிடுறது பத்தி கேளுங்க. டிவி போட்டிக்கு போறது, சினிமா சான்ஸ் எல்லாம் என்கிட்ட கேக்காதீங்க, அது என் தொழில் இல்ல.

மஸ்கெலியா தம்பி: அக்கா, லயத்து காம்பராவுல குரல் எடுக்க ஏலுமா? மேல தகரம், பக்கத்து காம்பராவுல டிவி. ஸ்டூடியோவுக்கு சல்லி இல்ல.

ஏலும் தம்பி, என் மொத பாட்டும் காம்பராவுல எடுத்ததுதான். தகரத்துக்கு மருந்து கிடையாது, மழை விழுந்தா நிறுத்தணும். அதனால காலத்த பாத்து வேலைய பிரிச்சுக்குங்க. ஒங்க பக்கம், ஹட்டன் பக்கம் எல்லாம் மே மாசத்துல இருந்து செப்டம்பர் வரைக்கும் தென்மேல் பருவ மழை, அந்த நாள்ல வரி எழுதுங்க, மெட்டு போடுங்க, குரல் எடுக்கிறத ஜனவரி, பெப்ரவரி, மார்ச்சுக்கு வைங்க. பதுளை, பசறை ஆளுங்களுக்கு இந்தக் கணக்கு மாறும், அங்க வருசக் கடைசிலதான் பெரிய மழை. நேரம்னு பாத்தா எல்லாரும் பிரட்டுக்கு (காலைல வேலைக்கு பேர் குடுக்குற எடத்துக்கு) போயி, ஸ்கூல் புள்ளைங்களும் கெளம்புனதுக்கு அப்பறம் எட்டரைல இருந்து பதினொண்ணு வரைக்கும் லயமே அமைதியா கெடக்கும், அந்த ரெண்டரை மணி நேரம் போதும்.

அடுத்தது வெறும் சுவரு. குரல் சுவத்துல பட்டு திரும்பி வந்தா கெணத்துக்குள்ள பாடுன மாதிரி இருக்கும். உத்தரத்துல கயிறு கட்டி ரெண்டு கம்பளிய தொங்க விடுங்க, மைக்குக்கு பின்னால இல்ல, பாடுறவங்க முதுகுக்கு பின்னால, ஏன்னா மைக் பாக்குறது ஒங்க மூஞ்சியையும் அதுக்கு பின்னால இருக்க சுவத்தையும்தான். வாய்க்கும் மைக்குக்கும் ஒரு சாண் இடைவெளி. 24 பிட், 48 கிலோஹேர்ட்ஸ், வேவ் ஃபைல். சத்தமா பாடுற எடத்துல மீட்டர் மைனஸ் 10 டெசிபல் பக்கம் நிக்கட்டும், செவப்ப தொட்டா அந்த டேக் போச்சு. லேப்டாப் சார்ஜர கழட்டிட்டு பேட்டரில ஓட்டுங்க, கரண்ட் லைன்ல வர்ற இரைச்சலும் போயிரும், இடி விழுந்தாலும் மிஷின் தப்பும். எடுத்த அன்னைக்கே ரெண்டு எடத்துல காப்பி வைங்க, ஒண்ணு கட்டாயம் வீட்டுக்கு வெளிய, கூட்டாளி வீட்டுலயாவது. இத நான் எல்லாருக்கும் சொல்றது.

பதுளை: எந்த மைக் நல்லது?

கைல இருக்க சல்லிக்கு கெடைக்கிறது. மொதல்ல கம்பளிய தொங்க விடுங்க, மைக்க அப்பறம் வாங்குங்க.

நானுஓயா தங்கச்சி: ஸ்பாட்டிஃபைல பாட்டு போட யார்கிட்ட கேக்கணும்?

யார்கிட்டயும் கெஞ்ச வேண்டியதில்லம்மா. நேரா போட முடியாது, நடுவுல விநியோகம் பண்ற கம்பெனி ஒண்ணு வேணும், டிஸ்ட்ரோகிட், டியூன்கோர், சிடி பேபி மாதிரி. ஒவ்வொண்ணுக்கும் கணக்கு வேற. டிஸ்ட்ரோகிட் வருசா வருசம் சந்தா, அத கட்டாம விட்டா, பாட்டு தங்குறதுக்குன்னு தனியா காசு கட்டியிருந்தாலே ஒழிய பாட்ட எறக்கிருவாங்க. சிடி பேபி ஒருதரம் கட்டுனா போதும், ஆனா வருமானத்துல 9 சதவீதம் எடுப்பாங்க. வருசத்துக்கு ஒரு பாட்டு செய்ற ஆளும் மாசத்துக்கு ஒண்ணு செய்ற ஆளும் ஒரே எடத்துல சேர வேண்டியதில்ல. சேர முந்தி இலங்கை பேங்குக்கு எந்த வழில காசு அனுப்புவாங்க, எவ்வளவு சேந்தா எடுக்க ஏலும், அத பாத்துட்டு சேருங்க.

அட்டைப்படம் 3000க்கு 3000 பிக்சல், சதுரமா. வெளியிடுற தேதிய மூணு நாலு கெழமை தள்ளி போடுங்க, ஏன்னா பாட்டு ஒங்க ஸ்பாட்டிஃபை ஆர்டிஸ்ட் பக்கத்துக்கு வந்ததும் அவங்க பிளேலிஸ்ட் ஆளுங்களுக்கு நீங்களே அனுப்பி வைக்கலாம், அதுக்கு குறைஞ்சது 7 நாள் முந்தி அனுப்பணும். அவசரப்பட்டு நாளைக்கே வரணும்னு போட்டா அந்த வாய்ப்பு போயிரும். ஐஎஸ்ஆர்சின்னு 12 எழுத்துல ஒரு நம்பர் குடுப்பாங்க, அது அந்த ரெக்கார்டிங்கோட அடையாள அட்டை மாதிரி. எழுதி வச்சுக்குங்க, நாளைக்கு கம்பெனி மாறுனாலும் அதே நம்பர குடுத்தாதான் பழைய ஸ்ட்ரீம் (எத்தன தரம் கேட்டாங்கங்கிற) கணக்கு கூட வரும்.

இன்னொண்ணு, 2024ல இருந்து ஒரு பாட்டு 12 மாசத்துல 1000 ஸ்ட்ரீம் தொடலைன்னா ஸ்பாட்டிஃபை அதுக்கு காசு குடுக்கிறதில்ல. வீட்டுல சொல்லி வைங்க, இல்லாட்டி மொத மாசமே எவ்வளவு வந்துச்சுன்னு கேப்பாங்க.

வட்டவளை: சினிமா பாட்டு மெட்டுல என் சொந்த வரிய போட்டு பாடிருக்கேன். வெளியிடலாமா?

மெட்டு ஒங்களோடது இல்ல. உரிமை வச்சிருக்கவங்க எழுத்துல அனுமதி குடுத்தா போடுங்க, இல்லாட்டி வேணாம்.

பொகவந்தலாவை: தப்பு வாத்தியத்த நேர்ல எடுத்தா பாதிலயே சுருதி எறங்குது. இன்டர்நெட்ல இருக்க லூப்ப (திரும்பத் திரும்ப ஓடுற ரெடிமேட் அடிய) போட்டா என்ன அக்கா?

இந்தக் கேள்விக்கு ரொம்ப நன்றி. லூப் போடாதீங்க. சுருதி எறங்குறது அடிக்கிறவர் குத்தம் இல்ல, பனிதான் காரணம். தோலு ஈரத்த குடிக்கும், குடிச்சா தொய்யும், தொய்ஞ்சா சத்தம் எறங்கும். நம்ம ஊர் காத்துல நெருப்புல காச்சுன தப்பு பத்து பதினஞ்சு நிமிசம்தான் நிக்கும். அதனால வெளிய கொஞ்சம் சருகும் கடுதாசியும் போட்டு நெருப்ப அணையாம வைங்க, ஒவ்வொரு டேக்குக்கும் முந்தி காச்சுங்க, காச்சுன ஒடனே தோல நடுவுல ஒரு தட்டு தட்டி போன்ல இருக்க டியூனர்ல பாத்து குறிச்சுக்குங்க, அடுத்த தரமும் அதே எடத்துக்கு கொண்டு வரலாம். முழுப் பாட்டையும் ஒரே மூச்சுல எடுக்க வேணாம், பல்லவிக்கு ஒண்ணு, சரணத்துக்கு ஒண்ணு. மைக்க தோலுக்கு நேரா கிட்ட வச்சா வெடிக்கும், நாலு அடி தள்ளி கொஞ்சம் சாய்ச்சு வைங்க. மெல்லிசு நீளக் குச்சியோட சொடுக்கும் கட்டைக் குச்சியோட அடியும் அப்பதான் தனித்தனியா கேக்கும். ஏலும்னா ரெக்கார்டிங்க காம்பராவுக்குள்ள வேணாம், இஸ்தோப்புல (வாசல் திண்ணைல) வைங்க.

லூப் ஏன் வேணாம்னா, நம்ம ஆளுங்க அடி வேற. பிரட்டுக்கு கூப்பிட ஒரு அடி, சாமிக்கு ஒரு அடி, சாவுக்கு ஒரு அடி, மாசில காமன் கூத்துக்கு வேற அடி. கல்யாணப் பாட்டுக்கு கீழ சாவு அடி ஓடுற ஒரு பாட்ட நானே கேட்டுருக்கேன், செஞ்ச புள்ளைக்கு அது தெரியவே இல்ல. வாசிக்கிறவர கூட்டிட்டு வந்து ஒக்கார வச்சிருந்தா அவரு ஒரு நிமிசத்துல சொல்லிருப்பாரு. அவருக்கு காசும் குடுங்க, பேரும் போடுங்க.

கொட்டகலை தம்பி: எங்க அம்மாயி (அம்மாவோட அம்மா) பாடுன ஒப்பாரிய 2019ல போன்ல பதிஞ்சு வச்சிருக்கேன். அவங்க இப்ப இல்ல. அதுல பீட் போட்டு நான் ராப் பண்ணிருக்கேன். நாட்டார் பாட்டு யாருக்கும் சொந்தமில்லதானே, யூடியூப் கன்டென்ட் ஐடில (அதே சத்தத்த வேற யாரும் போட்டா மிஷினே புடிக்கிற பதிவுல) என் பேர்ல பதியலாமா?

தம்பி, பதியாதீங்க. ஏன்னு விளக்கமா சொல்றேன்.

ஒப்பாரின்னா முழுசும் பழசும் இல்ல, முழுசும் புதுசும் இல்ல. அதுல கோப்பி பழம், கோப்பித் தோட்டம்னு வந்தா அந்த வரி நம்ம ஆளுங்க கோப்பிக்கு வந்த காலத்தோடது. 1869ல எல நோய் வந்து கொஞ்ச வருசத்துல கோப்பியே அழிஞ்சு போச்சு, அப்ப அந்த வரிய கட்டுனது ஒங்க அம்மாயிக்கும் பல தலமுறை முந்துன ஒருத்தி. அது ஒங்களுக்கு மட்டும் சொந்தமில்ல, நம்ம எல்லாருக்கும் பொது. ஆனா அழுகுற பொம்பளைங்க அந்த எடத்துலயே செத்தவங்க பேர, அவங்க செஞ்ச நல்லத, தன் கஷ்டத்த சேத்துக் கட்டுவாங்க இல்லையா, அந்த வரி அம்மாயியோட சொந்தப் படைப்பு. 2003ம் வருசத்து 36ம் இலக்க புலமைச் சொத்துச் சட்டப்படி வாயால சொன்ன படைப்புக்கும் உரிமை இருக்கு, எங்கயும் பதிய வேண்டியதில்ல, படைச்ச நிமிசத்துல இருந்து உரிமைதான், அவங்க செத்து 70 வருசம் வரைக்கும் நிக்கும். அது இப்ப அவங்க வாரிசுங்க எல்லாருக்கும் போகும். ஒங்க அம்மா, பெரியம்மா, மாமா இருந்தா அவரு. பேரன் ஒருத்தன் எடுத்து தன் பேர்ல போட ஏலாது.

பழைய வரிக்கும் அதே சட்டத்துல 24ம் பிரிவு இருக்கு. நாட்டார் வழக்க வெளியிட்டா எந்த சமூகத்துல இருந்து, எந்த எடத்துல இருந்து வந்துச்சுன்னு சொல்லணும்னு போட்டுருக்கு, வியாபாரத்துக்கு எடுத்தா அனுமதி, கட்டணம்னும் சொல்லுது. கன்டென்ட் ஐடின்னா ஒங்களுக்கு மட்டுமே உரிமை இருக்குன்னு நீங்க சத்தியம் பண்ற மாதிரி. நாளைக்கு ராகலைல ஒரு ஆயா அதே பழைய வரிய பாடி அவங்க பேத்தி வீடியோ போட்டா மிஷின் அந்தப் புள்ள வீடியோவ புடிச்சு காச ஒங்களுக்கு திருப்பவும் ஏலும். அது நடக்கலாமா?

லிந்துலை: அக்கா இப்பிடி சட்டம் பேசுனா நம்ம பாட்டு ஒண்ணும் வெளிய வராது. வெளியாளுங்க எடுத்து காசு பாப்பாங்க, நாங்க கையெழுத்து வாங்கிட்டு திரியணுமா?

கோவம் புரியுது. ஆனா நான் வெளியிடாதன்னு சொல்லவே இல்லையே. வெளியாள் நம்ம பேர போடாம எடுக்கிறான்னு கோவப்படுறோம், நாமளே நம்ம வீட்டு ஆள் பேர விட்டா எப்பிடி? நான் மிக்ஸ் பண்ணிக் குடுத்த பாட்டு ஒண்ண ஒரு கம்பெனி வெளியிட்டுச்சு. தப்படிச்ச மாமா போன எங்கிட்ட நீட்டி, இதுல எம் பேரு எங்கம்மா வருதுன்னு கேட்டாரு. நானும் கீழ வரைக்கும் தள்ளித் தள்ளிப் பாத்தேன், இல்ல. கொழுந்து ஒரு கிலோ கொறஞ்சா அரைப்பேர் (அரை நாள் சம்பளம்) போடுறாங்கன்னு தராசடில நின்னு சண்டை போட்டவரு அவரு. அவருக்கு அந்தப் பாட்டுல அரைப்பேர் கூட விழல. எழுத்துல ஒண்ணும் வாங்கி வைக்காதது என் தப்பு, அதனாலதான் இப்ப ஆள் வந்து ஒக்காந்த ஒடனே தாள எடுக்குறேன். ஒரே பக்கம்: பாட்டு பேரு, தேதி, யாரு வரி, யாரு மெட்டு, யாரு குரல், யாரு வாத்தியம், ஒவ்வொருத்தருக்கும் எத்தன சதவீதம் இல்லாட்டி எவ்வளவு கூலி, ஐடி (அடையாள அட்டை) நம்பர், கையெழுத்து. ரெண்டு காப்பி. பத்து நிமிச வேலை, மைக்க ஆன் பண்ண முந்தி செய்யணும். பாட்டு ஹிட் ஆனதுக்கு அப்பறம் அண்ணன் தம்பிக்குள்ளயே எழுத ஏலாது.

ராகலை: செத்த வீட்டு அழுகைய பீட் போட்டு ஆடுறதே தப்பு. அத மொதல்ல சொல்லுங்க.

அத நான் தீர்மானிக்க ஏலாது அண்ணே. அவங்க புள்ளைங்க தீர்மானிக்கணும். பெரியம்மாவுக்கு போட்டுக் காட்டணும், அவங்க வேணாம்னா வேணாம்தான்.

புசல்லாவ: மைக் எது வாங்கலாம்?

மேல பதுளைக்கு சொன்னது.

நாவலப்பிட்டி: யூடியூப்ல ஃப்ரீ பீட்னு போட்டுருக்கத எடுத்து பாடலாமா?

ஃப்ரீன்னா அநேகமா காசு சம்பாதிக்காத வரைக்கும்தான் ஃப்ரீ. கீழ எழுதியிருக்கத முழுசா வாசிங்க, லைசன்ஸ் வாங்குனா எத்தன ஸ்ட்ரீம் வரைக்கும்னு பாருங்க. அதே பீட்ட இன்னும் நூறு பேர் வாங்கியிருப்பாங்க, அதனால அதுக்கும் கன்டென்ட் ஐடி போடக் கூடாது.

அப்புத்தளை: யூடியூப் காசு வருது, ஆனா பின் நம்பர் கடிதம் வரவே இல்ல. ரெண்டு தரம் அனுப்பியாச்சு.

தெரியும். 10 டொலர் சேந்ததும் கூகுள் தபால்ல ஒரு பின் அனுப்பும், நாலு மாசத்துக்குள்ள அத போடலைன்னா விளம்பரம் நின்னுரும். நம்ம கடிதம் லயத்துக்கு நேரா வராதே, தோட்ட ஆபீஸ்ல கெடக்கும், யாராவது கொண்டு வந்தாதான். எங்க தோட்டத்துல எனக்கு வந்தது ஒரு கட்டுக்குள்ள ரெண்டு மாசம் கெடந்துச்சு. டவுன்ல சொந்தக்காரங்க கடை இருந்தா அந்த விலாசத்த மாத்திக் குடுத்துட்டு மறுபடி கேளுங்க. பல தரம் வரலைன்னா அடையாள அட்டை காட்டி உறுதிப்படுத்துற வழியும் இருக்கு. பேர பேங்க் புத்தகத்துல இருக்க மாதிரியே போடுங்க, எழுத்துக்கு எழுத்து. காச கையில எடுக்க 100 டொலர் சேரணும்.

வட்டகொடை: சினிமா மெட்டுல என் வரிய...

வட்டவளைக்கு சொன்னதுதான்.

மாத்தளை: வியூஸ் வாங்கித் தர்றேன்னு ஒருத்தர் சொல்றாரு.

குடுக்காதீங்க. பொய் ஸ்ட்ரீம்னு புடிச்சா பாட்டையே எறக்குவாங்க, 2024ல இருந்து ஸ்பாட்டிஃபை விநியோகக் கம்பெனிக்கு அபராதமும் போடுது, அத ஒங்க தலைல கட்டுவாங்க. அந்த சல்லிய தப்படிச்சவருக்கு குடுங்க.

பூண்டுலோயா: சினிமா பாட்டு ட்யூன்ல கோயில் பாட்டு எழுதுனா பரவாயில்லையா, சாமிக்குத்தானே?

இல்ல. மூணாவது தரம் சொல்றேன். சாமிக்கு பாடுறதுன்னா இன்னும் சொந்தமா ஒரு மெட்டு போடுங்க, ஒங்களால ஏலும்.

கொட்டகலை தம்பி (மறுபடி): அக்கா, பெரியம்மாவுக்கு இப்ப போட்டுக் காட்டுனேன். அழுதாங்க. போடு, ஆனா அம்மா பேரு வரணும்னு சொன்னாங்க. பிரச்சின என்னன்னா அம்மாயி பேரு ஐடில ஒரு மாதிரி, மரண சர்டிபிகேட்ல ஒரு மாதிரி, அம்மா பிறப்புப் பத்திரத்துல இன்னொரு மாதிரி. எத போடுறது?

நம்ம வீட்டுல எல்லா பத்திரமும் அப்பிடித்தான் தம்பி, கேட்டு எழுதுனவங்க அவங்க காதுக்கு கேட்டத எழுதுனாங்க. ஒப்பந்தத்துல ஐடில இருக்கத போட்டு, கூடவே மத்த ரெண்டையும் இவரும் அவரும் ஒரே ஆள்னு எழுதிருங்க. பாட்டுல, அம்மாயி தன் பேர எப்பிடி சொல்லுவாங்களோ அப்பிடி, தமிழ் எழுத்துலயே. பெரியம்மாகிட்ட மெதுவா சொல்லச் சொல்லி கேட்டு எழுதுங்க. வரி, குரல்ங்கிற எடத்துல மொதப் பேரா அது வரட்டும், ஒங்க பேரு அடுத்து. தோட்டத்துப் பேரையும் போடுங்க, டிவிசன் வரைக்கும். விநியோகக் கம்பெனி ஃபார்ம்ல கன்டென்ட் ஐடி பெட்டில டிக் போடாம விட்டுட்டு அனுப்புங்க.

போன்ல எடுத்த அந்த ஃபைல எனக்கு வாட்ஸ்அப்ல அனுப்பாதீங்க, அது சில நேரம் சத்தத்த நசுக்கிரும். பென் டிரைவ்ல காப்பி பண்ணி எடுத்துட்டு வாங்க. பின்னால இரைச்சல் இருந்தா நான் கொறைச்சு தர்றேன், இந்த ஒரு வேலைக்கு சல்லி வேணாம்.