பாளையங்கோட்டை வெயிலில் ஃபெரெட் வளர்க்கலாமா?

கேள்வி: எட்டாம் வகுப்பு படிக்கும் என் மகன் பெங்களூரில் சித்தப்பா வீட்டில் ஃபெரெட் என்ற செல்லப்பிராணியைப் பார்த்துவிட்டு வந்து, அதேபோல ஒன்று வேண்டும் என்கிறான். எங்கள் வீட்டில் ஒரே அறையில்தான் ஏசி. நாங்கள் சைவம். பார்க்கக் கீரி மாதிரி இருக்கிறது. அவனைப் பார்த்து வாயைத் திறந்துகொண்டு குதித்ததாம், கடிக்குமோ என்று பயமாகவும் இருக்கிறது. வளர்க்கலாமா?
– ஒரு வாசகி, பாளையங்கோட்டை

கால்நடை மருத்துவர் பதில்:

உங்கள் மகன் பார்த்தது கோபம் இல்லை அம்மா, விளையாட்டு. சந்தோஷம் வந்தால் ஃபெரெட் முதுகை வில்லாக வளைக்கும், வாலைப் புசுபுசுவென்று விரிக்கும், பக்கவாட்டில் துள்ளும், சுவரில்கூட முட்டிக்கொள்ளும். தொண்டைக்குள் 'டுக் டுக்' என்று சத்தம் வந்தால் நல்ல குஷியில் இருக்கிறது என்று அர்த்தம். குட்டியிலிருந்தே கையில் எடுத்துப் பழக்கினால் கடிப்பது குறைந்துவிடும்.

எனக்குக் கவலை நம்மூர் வெயில்தான். முயல் பிடிக்க ஐரோப்பாவில் பழக்கிய பிராணி இது. வியர்த்து உடம்பைக் குளிர்வித்துக்கொள்ள இதனால் முடியாது. 30 டிகிரியைத் தாண்டினாலே வெப்பத்தாக்கு வரலாம். நமக்கோ மார்ச்சிலேயே 35-ஐத் தொடுகிறது. குற்றாலத்தில் சாரல் விழும்போதும் பாளையங்கோட்டையில் வெயில் காய்கிறது. அந்த ஒரே ஏசி பல மாதங்கள் பகலெல்லாம் ஓட வேண்டும். பராமரிப்பு என்று காலையில் கரண்டை நிறுத்திச் சாயங்காலம் விடும் நாளில் என்ன செய்வீர்கள்? தரையோடு தரையாகப் படுத்து, வாயைத் திறந்து இரைத்தால், குளிர்ந்த நீரில் பாதங்களையும் வயிற்றையும் நனைத்து உடனே மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். ஐஸ் தண்ணீர் ஊற்றக் கூடாது.

அடுத்தது சாப்பாடு. இதற்குக் குடல் மிகக் குட்டை, தின்றது மூன்று நான்கு மணி நேரத்தில் வெளியே வந்துவிடும். இறைச்சி தவிர வேறெதுவும் ஒத்துக்கொள்ளாது. தயிர்சாதமும் பாலும் பழமும் அதற்குக் கெடுதல். வீட்டில் தினமும் கோழிக்கறி எடுக்கச் சம்மதமா என்று பெரியவர்களிடம் இப்போதே கேட்டுவிடுங்கள்.

ஒரு நாளில் 14 முதல் 18 மணி நேரம் தூங்கும். சில நேரம் தூக்கிக் குலுக்கினாலும் துணிபோலத் தொங்கும். செத்துவிட்டதோ என்று பதற வேண்டாம். விழித்தால் திருட்டுதான்! சாவி, சாக்ஸ் எல்லாம் கட்டிலுக்கடியில் போய்ச் சேரும். ரப்பரைக் கடித்து விழுங்கினால் மட்டும் குடல் அடைத்து அறுவை சிகிச்சை வரை போகும்.

நாய்களுக்கு வரும் டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோய் இதற்கும் வரும், வந்தால் பிழைப்பது அரிது. நம் ஃபுளூவும் தொற்றும். 1933-ல் லண்டனில் மனித ஃபுளூ வைரஸைப் பிரித்தெடுத்ததே ஃபெரெட்டை வைத்துத்தான். பெண் ஃபெரெட்டுக்குக் கருத்தடை செய்யாமலும் இணை சேராமலும் விட்டால், இணைசேரும் பருவம் முடியாமல் நீடித்து ரத்தசோகையில் செத்துப்போகக்கூடும். ஃபெரெட் பார்த்துப் பழகிய மருத்துவர் நம் பக்கம் கிடைப்பது கஷ்டம்.

அதனால் இப்போதைக்கு வேண்டாம் என்பதே என் ஆலோசனை. அதற்குப் பதிலாகக் கீரிக்குட்டியைப் பிடித்து வளர்க்கவும் கூடாது. கீரி வேறு குடும்பம், 1972-ம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி அதை வைத்திருப்பது குற்றம். ஃபெரெட்டின் உறவுக்காரர் நம்ம நீர்நாய். பாபநாசம் பக்கம் தாமிரபரணியில் உண்டு. ஒரு நாள் விடியற்காலையில் பையனைக் கூட்டிப்போய்ச் சத்தமில்லாமல் கரையில் உட்காருங்கள்.